எண்ணெய்க்கும் பொடிக்கும் முன்னால் ஒரு ஸ்கேன்: வெரிகோஸ் கால்களோடு என் அனுபவம்

எனக்கு முதலில் சொன்னது கொலுசுதான். காலையில் கணுக்காலில் தளர்ந்து கிடக்கும் கொலுசு மாலை ஏழு மணிக்குச் சதையில் புதைந்திருக்கும். கழற்றினால் முத்து முத்தாகத் தடம் தெரியும். கொலுசு பழசாகிவிட்டது, நான் குண்டாகிவிட்டேன் என்று இரண்டு காரணங்கள் சொல்லி அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். அன்றைக்கே காலைக் கவனித்திருந்தால் எனக்கு நான்கு வருட வேதனையும் இருபத்தைந்தாயிரம் ரூபாயும் மிஞ்சியிருக்கும். காலில் ரத்தக் குழாய்கள் புடைத்துச் சுருளும் வெரிகோஸ் இது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சென்னை தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் 2008 முதல் வேலை பார்க்கிறேன், சுடிதார் துணிப் பிரிவில். வீடு குரோம்பேட்டை. காலை ஒன்பதரைக்குக் கடைக்குள் போனால் இரவு ஒன்பதுக்கு வெளியே வருவேன். மதியச் சாப்பாட்டுக்கான அரை மணி நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் நிற்பதுதான். ஆள் இல்லாத மதிய வேளையிலும் உட்காரக் கூடாது; கேமராவில் தெரிந்தால் மேற்பார்வையாளர் வந்துவிடுவார். வீடு திரும்பும்போது மாம்பலத்தில் ஏறுகிற மின்சார ரயிலிலும் இடம் கிடைக்காது. தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்த நாட்களில் இரவு படுத்த பிறகும் கால் இரண்டும் இன்னும் தரையில் ஊன்றி நிற்பதுபோலவே கனக்கும்.

2013இல் இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது வலது முழங்காலுக்குக் கீழே பச்சை நிறத்தில் கோடுகள் தெரிந்தன. கர்ப்பத்தில் வருவதுதான், பிறகு போய்விடும் என்றார்கள். கொஞ்சம் குறைந்தது உண்மைதான், ஆனால் போகவில்லை. 2019 வாக்கில் கோடுகள் மண்புழுவைப்போலப் புடைத்துச் சுருண்டுவிட்டன. மாலையில் வீக்கம், நடு இரவில் கெண்டைச் சதை இழுத்துப் பிடித்துக்கொண்டு அலறி எழுவது, கணுக்காலின் உட்பக்கத்தில் அரிப்பு, பிறகு அந்த இடத்தில் தேயிலைக் கறை படிந்ததுபோல் ஒரு பழுப்பு. புடவை மறைத்துக்கொண்டதால் வீட்டில்கூட யாருக்கும் தெரியாது. காட்டவும் எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்தப் பழுப்பு நிறம் ஓர் எச்சரிக்கை என்பது எனக்கு அப்போது தெரியாது. உங்கள் காலில் அது வந்திருந்தால், தயவுசெய்து இந்தக் கட்டுரையை முடித்த கையோடு மருத்துவரைப் பாருங்கள். தேங்கிய ரத்தத்தின் அழுத்தம் தோல் வரை வந்து, தோலைக் கெடுக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

2020இல் ஊரடங்கு வந்து கடை மூடியது. சம்பளம் இல்லாமல் தவித்த மாதங்கள் அவை. ஆனால் வீட்டில் இருந்த மூன்றாவது வாரத்திலேயே இரவுப் பிடிப்பு நின்றது, வீக்கமும் வடிந்தது. அதை நான் ஒரு தகவலாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். நாள் முழுக்க அசையாமல் நிற்பதுதான் இதை வளர்க்கிறது என்று என் உடம்பே எனக்குச் செய்து காட்டியது. நானோ, தானாகவே குணமாகிவிட்டது என்று நினைத்து மறந்துவிட்டேன். கடை திறந்ததும் எல்லாம் திரும்பி வந்தது.

2022 தீபாவளி முடிந்த மறுவாரம் நடக்க முடியாமல் போனபோதுதான் பணம் கரையத் தொடங்கியது. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு எண்ணெய் விற்பவரின் கைபேசி எண்ணைக் கொடுத்தார். "நரம்பு முடிச்சு முழுக்கக் கரைந்துவிடும் அம்மா, மூன்று மாதம் விடாமல் தேய்க்க வேண்டும்" என்றார் அந்த மனிதர். மாதம் 2,400 ரூபாய், மூன்று மாதத்துக்கு 7,200. கீழிருந்து மேலாக அழுத்தித் தேய்த்து, பிறகு உப்பு மூட்டையால் சூடாக ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். தேய்த்த அன்று இதமாக இருக்கும். மறுநாள் வீக்கம் கூடியிருக்கும். சூடு பட்டால் ரத்தக் குழாய் இன்னும் விரியும் என்பதையும், புடைத்த குழாயை முரட்டுத்தனமாக அழுத்தித் தேய்க்கக் கூடாது, உள்ளே ரத்தக் கட்டி இருந்தால் அது ஆபத்து என்பதையும் பின்னால்தான் அறிந்தேன். எண்ணெய் பலிக்காதபோது அவரே ஒரு பொடி கொடுத்தார், ரத்தத்தைச் சுத்தப்படுத்துமாம். அதற்கு 5,400 ரூபாய். பொட்டலத்தில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற விவரம் ஒரு வரிகூட இல்லை. அதை இரண்டரை மாதம் குடித்தேன். என்னை நினைத்து எனக்கே இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

இதைச் சொல்வதால் நான் சித்த மருத்துவத்தைப் பழிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். என் அம்மா மூட்டு வலிக்கு அதைத்தான் பார்க்கிறார். எனக்கு எண்ணெய் விற்றவர் வைத்தியரே அல்லர். என் காலைக்கூட அவர் பார்க்கவில்லை. சித்த மருத்துவம்தான் வேண்டும் என்றால் பட்டம் பெற்றவரிடம் போக வேண்டும். என் வீட்டிலிருந்து ஒரே ஒரு ரயில் நிலையம் தள்ளி, தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அத்தனை பக்கத்தில் அதை வைத்துக்கொண்டு, முகம் தெரியாத ஒருவருக்குக் கைபேசி வழியாகப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு 2023 ஜூனில் நடந்தது. சோற்றுக்கற்றாழை, கேரட், ஆப்பிள் சிடர் வினிகர் மூன்றையும் அரைத்துப் பூசினால் வெரிகோஸ் மறையும் என்று ஒரு காணொளி கைக்குக் கை வந்தது. பழமும் காயும்தானே, என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்தேன். சீக்கிரம் பலிக்கட்டும் என்று வினிகரைத் தண்ணீர் கலக்காமல் சேர்த்து, கணுக்காலில் அந்தப் பழுப்புத் தோலின் மேலேயே பூசி, துணி சுற்றிக்கொண்டு இரவு முழுக்கத் தூங்கினேன். ஐந்தாம் நாள் தோல் உரிந்தது. பத்தாம் நாள் அங்கே ஒரு ரூபாய் நாணய அளவுக்குப் புண். நீர் வடிந்துகொண்டே இருந்தது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய களிம்புகளுக்கு மட்டும் 2,300 ரூபாய். வினிகர் ஓர் அமிலம். நல்ல தோலையே அது சுடும். ரத்த ஓட்டம் கெட்டுப்போன தோல் என்ன செய்யும்? இயற்கையான பொருள் என்பதற்காகத் தோலில் எதை வேண்டுமானாலும் பூசலாம் என்று எண்ணிவிடாதீர்கள்.

புண்ணை மறைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். எங்கள் தளத்தில் ஓர் அக்கா இருந்தார், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஓய்வறையில் என் காலைப் பார்த்துவிட்டு, தன் புடவையைச் சற்று உயர்த்திக் காட்டினார். கணுக்காலிலிருந்து பாதிக் கால் வரை கட்டு. "ஆறு வருடமாக ஆறி ஆறித் திறக்கிறது. நீ நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போ" என்றார். அன்று இரவு முழுக்க அழுதேன். அந்த அக்காவும் நானும் எட்டு வருடம் பக்கத்துப் பக்கத்தில் நின்றிருக்கிறோம். எங்கள் இருவருக்கும் ஒரே நோய் என்பதை அன்றுவரை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

பூங்கா ரயில் நிலையத்தில் இறங்கினால் பக்கத்திலேயே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. ரத்த நாள அறுவை சிகிச்சைக்கென்று அங்கே தனித் துறையே இருக்கிறது. அங்கே எனக்கு டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள். வலியில்லை, ஊசியில்லை. நிற்க வைத்து, தொடையிலிருந்து கணுக்கால் வரை கூழ் தடவிக் கருவியை வைத்துப் பார்க்கிறார்கள். கெண்டைச் சதையை அழுத்தி விடும்போது ரத்தம் மேலே ஏறுகிறதா, கீழே திரும்பி வருகிறதா என்று திரையில் தெரிகிறது. அரை நொடிக்கு மேல் பின்னோக்கி ஓடினால் குழாய்க்குள் இருக்கும் வால்வு பழுது.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். நாம் நரம்பு என்று சொல்வது நரம்பே அல்ல, அசுத்த ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய், சிரை. காலிலிருந்து ரத்தம் மேலே ஏற வேண்டுமே, அதற்காகக் குழாய்க்குள் ஒருவழிக் கதவுகள் மாதிரி வால்வுகள் இருக்கின்றன. கெண்டைச் சதை சுருங்கும்போதெல்லாம் ரத்தம் மேலே தள்ளப்படுகிறது. அசையாமல் நின்றால் அந்தத் தள்ளல் நடப்பதில்லை. ரத்தம் தேங்கி, குழாய் விரிந்து, கதவுகள் ஒன்றோடொன்று சேராமல் போகின்றன. குடும்பவழி, கர்ப்பம், உடல் எடை, வயது, நின்றபடி செய்யும் வேலை எல்லாம் சேர்ந்துதான் இது வருகிறது. என் அம்மாவுக்கும் உண்டு என்பதை அன்றைக்குத்தான் யோசித்தேன்.

நான் கேட்ட முதல் கேள்வி, "இயற்கையாக இதைச் சரிசெய்ய முடியாதா டாக்டர்?" அவர் சொன்ன பதில்தான் இந்தக் கட்டுரைக்கே காரணம். "கெட்டுப்போன வால்வை எந்த எண்ணெயும் எந்த உணவும் சரிசெய்யாது அம்மா. ஆனால் வலி, வீக்கம், அரிப்பு, புண், இவற்றைக் கட்டுக்குள் வைக்க நீங்கள் வீட்டிலேயே செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. இடது கால் இப்போது ஆரம்ப நிலை, அதற்கு அவையே போதும். வலது காலுக்கு முதலில் புண் ஆற வேண்டும், பிறகு சிகிச்சை வேண்டும்." ஸ்கேன் எடுக்காமல் இரண்டு காலையும் ஒரே மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன். எந்தக் காலுக்கு எது போதும் என்பது ஸ்கேனில்தான் தெரியும்.

புண் ஆற மூன்று மாதங்களுக்கு மேல் ஆனது. களிம்பைவிட, பாதத்திலிருந்து முழங்கால் வரை பல அடுக்காக இறுக்கிச் சுற்றிய கட்டுதான் அதை ஆற்றியது. வாரம் ஒருமுறை போய் மாற்றிக்கொண்டேன். அலைந்ததிலும் படுத்ததிலும் 19 நாட்கள் சம்பளம் போனது, 9,500 ரூபாய். இப்போது சொல்லப்போகிறவை அந்த மாதங்களில் நான் கற்றுக்கொண்டு இன்றுவரை கடைப்பிடிப்பவை.

முதலில் அழுத்தக் காலுறை. இதில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். நான் மருத்துவரிடம் போவதற்கு முன்பே இணையத்தில் 850 ரூபாய்க்கு ஒன்று வாங்கியிருந்தேன், அளவு பார்க்காமல். அது முழங்காலுக்குக் கீழே சுருண்டு கயிறு போட்டுக் கட்டியதுபோல் இறுக்கி, வீக்கத்தை அதிகமாக்கியது. காலுறைக்குக் காலையில், வீக்கம் இல்லாத நேரத்தில், கணுக்காலின் மெல்லிய இடத்தையும் கெண்டையின் பருத்த இடத்தையும் நாடாவால் அளந்துதான் வாங்க வேண்டும். அழுத்தத்தில் வகைகள் உண்டு. எது வேண்டும் என்று மருத்துவர் எழுதித் தர வேண்டும். முக்கியமாக, பாதத்தில் நாடித் துடிப்பு நன்றாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே அணிய வேண்டும். சர்க்கரை நோயாளிகளும் புகைபிடிப்பவர்களும் இந்தச் சோதனையை விட்டுவிடக் கூடாது, காலுக்கு வரும் ரத்தமே குறைவாக இருந்தால் அழுத்தம் தீங்கு செய்யும். படுக்கையை விட்டு எழுந்து நடமாடும் முன்பே போட்டுக்கொள்வேன், இரவு படுக்கும்போது கழற்றுவேன். பாத்திரம் துலக்கும் ரப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டு இழுத்தால் சுருக்கமில்லாமல் ஏறுகிறது. சென்னையின் மே மாதத்தில் அதைப் போட்டிருப்பது கொடுமைதான், மறைக்க மாட்டேன். இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு தினமும் அலசி நிழலில் உலர்த்துகிறேன். ஆறு மாதத்தில் இறுக்கம் தளர்ந்துவிடுகிறது, மாற்றியாக வேண்டும். ஜோடி 1,900 ரூபாய் என்பது என் சம்பளத்தில் சிறிய தொகை அல்ல. ஆனால் அந்தப் பொடிக்குக் கொடுத்த பணத்தில் இரண்டு ஜோடிக்கு மேல் வாங்கியிருக்கலாம்.

அடுத்தது, கால்களை உயர்த்தி வைப்பது. நாற்காலியில் உட்கார்ந்து முக்காலியில் காலை நீட்டுவது போதாது. பாதம் நெஞ்சின் மட்டத்தைவிட மேலே இருக்க வேண்டும். வீடு திரும்பியதும் பாயில் படுத்து, காலைச் சுவரில் சாய்த்துப் பதினைந்து நிமிடம். சமைத்து முடித்து மறுபடி ஒருமுறை. கால்மாட்டுப் பக்கத்தில் கட்டிலின் இரண்டு கால்களுக்கும் அடியில் ஒவ்வொரு செங்கல் வைத்திருக்கிறேன். இரவுப் பிடிப்பு வெகுவாகக் குறைந்தது அதற்குப் பிறகுதான். ஒரு பைசா செலவில்லாத வைத்தியம் இது.

கடையில் நின்றபடியே குதிகாலைத் தூக்கி இறக்குவேன், ஒரு தடவைக்கு இருபது, அரை மணிக்கு ஒருமுறை. கவுன்டருக்குப் பின்னால் நின்று செய்வதால் வாடிக்கையாளர் கண்ணில் படாது. ரயிலிலும் செய்வேன். காலையில் அரை மணி நேரம் நடக்கிறேன். நின்றால் வலிக்கிற கால் நடந்தால் வலிப்பதில்லை என்பது முதலில் எனக்கு நம்ப முடியாததாக இருந்தது. கெண்டைச் சதை வேலை செய்தால் ரத்தம் ஏறுகிறது, அவ்வளவுதான். எடையும் 74 கிலோவிலிருந்து 67க்கு வந்திருக்கிறது, ஒன்றரை வருடத்தில். இரவுச் சோற்றைக் குறைத்தேன், ஊறுகாயும் அப்பளமும் நிறுத்தினேன், கீரையும் பயறும் கூட்டினேன். மலச்சிக்கலோடு முக்குவது கால் சிரைகளிலும் அழுத்தத்தைக் கூட்டும் என்று மருத்துவர் சொன்னபோது எங்கள் கடைப் பெண்கள் எல்லோரும் நினைவுக்கு வந்தார்கள். கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்க வேண்டியிருப்பதால் நாங்கள் யாரும் பகலில் தண்ணீர் குடிப்பதில்லை. இப்போது நான் குடிக்கிறேன், அனுமதியும் கேட்கிறேன்.

எண்ணெயை முழுக்க விட்டுவிடவில்லை. வறண்ட தோல் அரிக்கும், சொறிந்தால் புண்ணாகும். அதனால் இரவில் காலுறையைக் கழற்றிய பிறகு தேங்காய் எண்ணெயை மெல்லப் பூசுகிறேன், புண்ணில்லாத இடத்தில் மட்டும், அழுத்தாமல். தோலுக்கு அது நல்லது. சிரைக்கு அது எதுவும் செய்யாது என்பதைத் தெரிந்துகொண்டே பூசுகிறேன்.

இரண்டு அவசர நிலைகளை எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். புடைத்த இடம் உடைந்து ரத்தம் பீய்ச்சினால் பயந்து நின்றுகொண்டிருக்கக் கூடாது, ஓடவும் கூடாது. உடனே படுத்து, காலை உயரத் தூக்கி, சுத்தமான துணியால் அந்த இடத்தில் விடாமல் அழுத்த வேண்டும். அதற்கு மேலே கயிறு கட்டுவது தவறு. அழுத்தியபடியே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இன்னொன்று, ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாகி, கெண்டை வலித்தால் அது ஆழமான சிரையில் ரத்தக் கட்டியாக இருக்கலாம். அதோடு மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108ஐ அழையுங்கள்.

வலது காலுக்கு 2024 பிப்ரவரியில் சிகிச்சை நடந்தது. பெரிதாகக் கீறாமல், குழாய்க்குள் மெல்லிய இழையைச் செலுத்தி வெப்பத்தால் அதை மூடிவிடும் முறை. மறுநாளே நடக்கச் சொன்னார்கள். கத்திக்குப் பயந்துதான் எண்ணெய்ப் பக்கம் போனேன். நான் பயந்த அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. இடது காலை இன்றுவரை மேலே சொன்னவற்றால்தான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு வருடம் கழித்து எடுத்த ஸ்கேனில் அது மோசமாகவில்லை.

ஆனால் இவ்வளவு செய்தும், நாளுக்குப் பத்து மணி நேரம் நிற்க வைத்தால் எந்தக் காலும் தாங்காது. கோழிக்கோட்டில் விஜி என்ற பெண்ணும் அவருடைய பெண்கூட்டு என்ற பெண்கள் அமைப்பும் கடைப் பெண்கள் உட்காரும் உரிமைக்காக வருடக்கணக்கில் போராடினார்கள். கேரளம் 2018இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டிலும் 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டது. வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரும்படி எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. இந்தச் சட்டம் வந்து இரண்டு வருடம் கழித்து, புண் கட்டிய காலோடுதான் நான் அதைத் தெரிந்துகொண்டேன். மருத்துவரின் சீட்டையும் சட்டத்தின் நகலையும் எடுத்துக்கொண்டு நாங்கள் ஐந்து பேர் மேலாளரிடம் போனோம். தனியாகப் போயிருந்தால் எனக்குத் துணிவு வந்திருக்காது. எங்கள் தளத்துக்கு நான்கு முக்காலிகள் வந்தன. பதினாறு பேருக்கு நான்கு. மற்ற தளங்களுக்கு இன்னும் வரவில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

போன மாதம் விளாத்திகுளத்திலிருந்து ஒரு பெண் புதிதாக எங்கள் பிரிவில் சேர்ந்திருக்கிறாள். பத்தொன்பது வயது. காலில் புதுக் கொலுசு. முக்காலி காலியாக இருந்தும், யாராவது திட்டுவார்களோ என்று தூணில் சாய்ந்தே நின்றாள். கையைப் பிடித்து உட்கார வைத்தேன். மாலை ஏழு மணிக்கு அவளுடைய கொலுசைப் பார்த்தேன். இன்னும் தளர்வாகத்தான் இருந்தது.